கப்பற்கொடி மரபும் சுதேசிக் கப்பலும்: கரிசல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கப்பலில் எக்கொடி, எவ்விடத்தில், எந்நேரத்தில் பறக்க வேண்டும் என்பதை மரபும் சட்டமும் இணைந்தே வரையறுத்து வந்துள்ளன. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் தோன்றிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் கப்பல்களை இக்கட்டுரை அவ்வரையறைகளின் வழி அணுகுகிறது. 1894ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பல் சட்டம் இந்தியருக்கு உரிமையான கப்பலையும் பிரித்தானியக் கப்பலாகவே கருதியது. அதன் கொடியையும் பெயரையும் கட்டுப்படுத்தியது. அச்சட்டச் சூழலில் சுதேசியம் தன்னை வெளிப்படுத்திக்கொள்ள எஞ்சியிருந்த இடம் எது என்பதும், விடுதலைக்குப் பின் இந்தியக் கடற்படைக் கொடி அடைந்த மாற்றங்கள் அம்மரபோடு எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கப்பற்கொடி, வ.உ.சி., சுதேசி நாவாய்ச் சங்கம், கரிசல், தூத்துக்குடி, கடற்படைக் கொடி.

முன்னுரை

சுதேசி நாவாய்ச் சங்கத்தின் வரலாறு பெரும்பாலும் தியாக வரலாறாகவோ வணிகப் போட்டியின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. பங்கு திரட்டல், கட்டணப் போட்டி, பவளஆலை வேலைநிறுத்தம், திருநெல்வேலி எழுச்சி, சிறைத் தண்டனை ஆகியவை விரிவாகப் பேசப்பட்டுள்ளன. கப்பல் என்பது ஓர் அடையாளப் பொருள் என்ற கோணத்தில் எழும் எளிய வினா ஒன்று மிகுதியாகக் கவனம் பெறவில்லை. அந்நிய ஆட்சியின் கீழ் வாழ்ந்த மக்கள் தமக்கென ஒரு கப்பலை வாங்கினால், அக்கப்பல் எந்த நாட்டின் கப்பலாகக் கடலில் அறியப்படும் என்பதே அவ்வினா. கடலில் இதற்கு விடையளிப்பது கொடி. எனவே கப்பற்கொடி மரபை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டு, அதனைக் கரிசல் வட்டாரத்திலிருந்து எழுந்த இம்முயற்சியோடு பொருத்திக் காண்பது தேவையாகிறது.

தமிழ் மரபில் கொடியும் கலமும்

தமிழ்ப் பண்பாட்டில் கொடி என்பது அரசின் சின்னம் மட்டுமன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளை வகைப்படுத்திக் காட்டுகிறது. வழிபாட்டிடத்துக் கொடி, வாதுக்கு அழைக்கும் புலமையாளர் ஏற்றிய கொடி, துறையில் நிற்கும் நாவாய்களின் பாய்மரக் கொடி, கள் விற்கும் இடத்துக் கொடி என அவை வேறுபடுகின்றன. அங்குள்ளது யாருடையது, என்ன பொருள், என்ன தொழில் என்பதைத் தொலைவிலிருந்தே அறிவிக்கும் குறியாகக் கொடி அங்கே இயங்குகிறது. கடல்சார் கொடி மரபின் அடிப்படையும் இதுவே ஆகும்.

கோயில் திருவிழாக்களில் கொடியேற்றம் தொடக்கத்தையும் கொடியிறக்கம் நிறைவையும் குறிக்கின்றன. தூத்துக்குடித் துறைமுகத்தின் கடலோடிச் சமூகத்தாரிடையே பெருவிழாவாகத் திகழும் பனிமய மாதா திருவிழாவும் சூலை 26ஆம் நாள் கொடியேற்றத்துடன் தொடங்கி ஆகத்து 5ஆம் நாள் நிறைவு பெறுகிறது. கொடியை ஏற்றுவதும் இறக்குவதும் பலர் அறியச் செய்யப்படும் சடங்குகள் என்ற உணர்வு இப்பகுதி மக்களிடம் முன்னரே வேரூன்றியிருந்தது. நீராவிக் கப்பல்களோடு வந்த ஐரோப்பியக் கொடி மரபு இந்த உணர்வின் மீதே வந்து அமர்ந்தது எனலாம்.

கப்பற்கொடி மரபின் இலக்கணம்

கப்பலில் கொடியின் பொருள் அது பறக்கும் இடத்தைச் சார்ந்தது. கப்பலின் பின்புறம் முதன்மையான இடமாகும். நாட்டு உரிமையைக் காட்டும் கொடி அங்கேயே பறக்கும். கப்பலின் முன்முனையாகிய அணியத்தில் போர்க்கப்பல்கள் தனிக் கொடி ஒன்றை ஏற்றும். துறையில் நங்கூரமிட்டிருக்கும்போதோ கரையோடு கட்டப்பட்டிருக்கும்போதோ மட்டுமே அது பறக்கும். உரிமையாளராகிய கம்பெனியின் கொடி பாய்மரத்தில் ஏற்றப்படும். வேற்று நாட்டுத் துறைக்குள் நுழையும் கப்பல் அந்நாட்டின் கொடியை வலப்புறக் கயிற்றில் உயர்த்துவது மரியாதை மரபாகும்.

போர்க்கப்பல் துறையில் இருக்கும்போது காலை 8 மணிக்குக் கொடி ஏற்றப்படுகிறது. கதிரவன் மறையும் வேளையில் இறக்கப்படுகிறது. மேல்தளத்தில் இருப்போர் அனைவரும் கொடியை நோக்கி அசையாது நிற்பர். துயர் காலத்தில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடும்போது, முதலில் அதனை உச்சிவரை ஏற்றிப் பின்னரே பாதிவரை தாழ்த்த வேண்டும். இறக்கும்போதும் மீண்டும் உச்சிக்கு ஏற்றியே இறக்க வேண்டும். விழா நாள்களில் அணியத்திலிருந்து பாய்மர உச்சி வழியாகப் பின்புறம் வரை குறிக்கொடிகளைக் கோத்துக் கப்பலை அணி செய்வதும் வழக்கம்.

வணிகக் கப்பல் ஒன்று போர்க்கப்பலைக் கடக்கும்போது தன் பின்புறக் கொடியைத் தாழ்த்தி வணக்கம் செலுத்தும். போர்க்கப்பல் தன் கொடியைத் தாழ்த்தி அதற்கு மறுமொழி அளித்த பின்னரே வணிகக் கப்பல் தன் கொடியை மீண்டும் உயர்த்தும். முதலில் பணிவது எப்போதும் வணிகக் கப்பலே என்பது இவ்வழக்கத்தில் பொதிந்துள்ள படிநிலையைக் காட்டுகிறது.

இவற்றுக்கு அப்பால் செய்தி சொல்லும் கொடிகளும் உண்டு. நீல நிறத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் கொண்ட கொடி, கப்பல் புறப்படவிருப்பதால் உரியவர் அனைவரும் ஏறிவிட வேண்டும் என அறிவிக்கும். மஞ்சள் கொடி நோய்த்தடுப்புக் காவலோடு தொடர்புடையது. முற்காலத்தில் அது நோய் ஐயத்தைக் குறித்தது. இன்றைய பன்னாட்டுக் குறிமுறையிலோ கப்பலில் நோயில்லை, துறைக்குள் இசைவு தருக எனக் கேட்கும் கொடியாக மாறியுள்ளது.

நிறமும் சட்டமும்

பிரித்தானியக் கப்பல்கள் சிவப்பு, வெள்ளை, நீலம் என்னும் மூன்று நிறப் பின்புறக் கொடிகளைப் பயன்படுத்தி வந்தன. முன்னர் இவை கடற்படைப் பிரிவுகளையே குறித்தன. 1864ஆம் ஆண்டு வெளியான அரசாணை இம்முறையை மாற்றியது. அதன்படி வெள்ளைக் கொடி அரச கடற்படைக்கும், நீலக்கொடி அரசுப் பணிக் கப்பல்களுக்கும், சிவப்புக் கொடி வணிகக் கப்பல்களுக்கும் உரியனவாயின. மூன்றிலும் கொடிக்கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில் ஒன்றியக் கொடி இடம்பெற்றது.

1894ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் இவ்வழக்கத்துக்குத் தண்டனை வலிமையைச் சேர்த்தது. அதன் 73ஆம் பிரிவு, பிரித்தானியக் குடிமக்களுக்கு உரிமையான எல்லாக் கப்பல்களுக்கும் சிவப்புக் கொடியே முறையான நாட்டுக்கொடி என வரையறுத்தது. இசைவின்றி வேறு நாட்டுக்கொடியை ஏற்றினால் 500 பவுன் வரை தண்டம் விதிக்கலாம். கடற்படை அதிகாரியோ சுங்க அதிகாரியோ கப்பலில் ஏறி அக்கொடியைக் கைப்பற்றலாம். 74ஆம் பிரிவு, எப்போதெல்லாம் அக்கொடியை ஏற்றியே தீர வேண்டும் என்பதைக் கூறியது. அரச கடற்படைக் கப்பல் குறிகாட்டும்போதும், அயல்நாட்டுத் துறைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஏற்ற வேண்டும். 50 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுடைய கப்பலாயின் பிரித்தானியத் துறைகளிலும் அவ்வாறே செய்ய வேண்டும். தவறினால் 100 பவுன் வரை தண்டம் உண்டு.

ஒரு கப்பல் பிரித்தானியக் கப்பலா என்பதைத் தீர்மானிக்கும் விதியும் கருதத்தக்கது. உரிமையாளர் பிரித்தானியக் குடிமகனாக இருக்கலாம்; அல்லது பேரரசின் ஏதேனும் ஒரு பகுதியின் சட்டப்படி அமைந்து அங்கேயே முதன்மை அலுவலகம் கொண்ட நிறுவனமாக இருக்கலாம். இந்தியாவில் பதிவான கம்பெனி இவ்விதிக்குள் அடங்கியது.

கரிசலும் துறைமுகமும்

கோவில்பட்டி, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை எனப் பரந்து கிடக்கும் கரிசல் நிலம் மழையை மட்டுமே நம்பிய வானம் பார்த்த பூமி. அதன் பணப்பயிர் பருத்தி. ‘தின்னவேலிப் பருத்தி’ என வணிக உலகில் அறியப்பட்ட அப்பஞ்சு தூத்துக்குடி வழியாகவே கடல் கடந்தது. 1876ஆம் ஆண்டு தூத்துக்குடி வரை இருப்புப்பாதை அமைந்தபின் கரிசலும் கடலும் மேலும் நெருங்கின. 1888ஆம் ஆண்டு தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனத்தின் பவளஆலை தோன்றியது. 1901ஆம் ஆண்டு கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டதும் இப்பருத்திப் பொருளாதாரத்தின் முக்கியத்துவத்தை உணர்த்துகிறது.

விளைச்சல் கரிசல் உழவருடையது. கடற்போக்குவரத்தோ பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் கம்பெனியின் பிடியில் இருந்தது. அதன் தூத்துக்குடி முகவரும் ஹார்வி நிறுவனமே. பழைய தூத்துக்குடித் துறை ஆழம் குறைந்தது. நீராவிக் கப்பல்கள் கரைக்கு வாராமல் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டன; பஞ்சுப் பொதிகளும் பயணிகளும் படகுகளில் கொண்டு செல்லப்பட்டனர். கரையில் நின்றோருக்குக் கப்பலின் எழுத்துகள் தெரியா. கப்பலின் வடிவமும் புகைபோக்கியின் நிறமும் கொடியும் தெரியும். வெண்ணிறப் பிளவுவாற் கொடியில் சிவப்புப் பெருக்கல் குறியும், கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகளும் பிரித்தானிய இந்தியக் கம்பெனியின் அடையாளங்களாக இருந்தன. இவ்வடையாளங்களே தூத்துக்குடிக் கடலில் ஆதிக்கத்தின் கண்கூடான வடிவம்.

சுதேசிக் கப்பலின் கொடிச் சிக்கல்

சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்து சரியாக ஓராண்டு நிறைந்த நாள் அது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். ஆசியர் எவரும் பங்குதாரர் ஆகலாம் என்பது விதி. கரிசற்சீமையின் பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளை, அதாவது மொத்தப் பங்குகளில் ஐந்தில் ஒன்றை, வாங்கினார். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் ‘இந்தியா’ இதழின் வழி இம்முயற்சிக்குத் துணை நின்றார். தொடக்கத்தில் வாடகைக் கப்பல்களை நம்பியிருந்த சங்கம், போட்டியாளரின் நெருக்கடியால் சொந்தக் கப்பல் வாங்கத் துணிந்தது. 1907ஆம் ஆண்டு காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

இங்கே இரு வரையறைகள் முரண்படுகின்றன. சங்கத்தின் விதி உரிமையாளரை ஆசியர் என வரையறுத்தது. கப்பல் சட்டமோ பங்குதாரரின் இனத்தையோ நோக்கத்தையோ பார்க்கவில்லை. கம்பெனி எங்கே, எச்சட்டப்படி பதிவானது என்பதை மட்டுமே பார்த்தது. இந்தியக் கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான சங்கம் கப்பற்சட்டத்தின் நோக்கில் ஒரு பிரித்தானிய நிறுவனம். ஆகவே அதன் கப்பலின் பின்புறத்துக்குச் சட்டம் ஒதுக்கிய கொடி ஒன்றியக் கொடியை மூலையில் தாங்கிய சிவப்புக் கொடியே. சுதேசிக் கப்பல்கள் ஓடிய தூத்துக்குடி, கொழும்பு ஆகிய இரு முனைகளும் பிரித்தானியத் துறைகள். 74ஆம் பிரிவின் கடப்பாடு இரு முனைகளிலும் ஒருசேரப் பொருந்தியது.

பெயர் குறித்தும் இத்தகைய கட்டுப்பாடு நிலவியது. அயல்நாட்டுக் கப்பல் ஒன்று பிரித்தானியப் பதிவுக்கு வரும்போது, அது முன்பு தாங்கியிருந்த பெயரிலேயே பதிவாக வேண்டும்; இலண்டன் வணிக வாரியத்தின் எழுத்துமுறை இசைவு இன்றி அதனை மாற்ற இயலாது. பிரான்சு நாட்டின் பழைய இலத்தீன் பெயரைச் சுதேசிக் கப்பல் ஒன்று தாங்கி நின்றதைப் பெயர்சூட்டலில் காட்டிய அக்கறையின்மை எனக் கொள்ளாமல், இப்பதிவு முறையின் பின்னணியில் வைத்து நோக்குவதே பொருத்தமாகும்.

ஏற்றத்தக்க இந்திய தேசியக் கொடி ஒன்று அன்று உருப்பெற்றிருந்ததா என்பதும் இதனோடு இணைந்த வினா. ‘வந்தே மாதரம்’ பொறித்த மூவண்ணக் கொடி 1906 ஆகத்து 7ஆம் நாள் கல்கத்தாவின் பார்சி பாகான் சதுக்கத்தில் ஏற்றப்பட்டது. பிகாஜி காமா அம்மையார் செருமனியின் சுடுட்கார்ட்டு நகரில் 1907 ஆகத்து 22ஆம் நாள் இந்தியக் கொடியை விரித்துக் காட்டினார். சுதேசிக் கப்பல்களின் வருகை இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்டது. ஒருபுறம் இந்திரனின் வச்சிரமும் மறுபுறம் இளம்பிறையும் கொண்டதாகத் தாயின் கொடியைப் பாரதியார் பாடியதும் இக்கொடிக் கற்பனையின் ஒரு பகுதியே. கரிசலின் ஒரு மைந்தர் கப்பலையும் மற்றொருவர் கொடியையும் நாட்டுக்கு அளிக்க முயன்ற காலம் அது. ஆயினும் கொடியை அக்கப்பலின் பின்புறத்தில் நாட்டுக்கொடியாக ஏற்றுவதற்குச் சட்டம் வழிவிடவில்லை.

73ஆம் பிரிவு தடைசெய்தது நாட்டுக்கொடியின் இடத்தில் பிறிதொன்றை ஏற்றுவதையே. பாய்மரத்துக்குரிய கம்பெனிக் கொடி, உரிமையாளரின் விருப்பத்துக்கு உட்பட்டது. எனவே சுதேசியத்துக்குக் கடற்சட்டம் விட்டுவைத்த இடம் பாய்மரம். பேரரசு தனக்கென வைத்துக்கொண்ட இடம் பின்புறம். ‘சுதேசி’ என்னும் சொல்லைக் கம்பெனியின் பெயரிலேயே பதித்தது இச்சூழலில் தனிப்பொருள் பெறுகிறது. கப்பலின் பெயரையும் நாட்டுக்கொடியையும் சட்டம் கட்டுப்படுத்தியபோது, கம்பெனியின் பெயர் ஒன்றே சுதேசியம் தடையின்றி எழுதப்படக்கூடிய இடமாக இருந்தது.

சங்கத்தின் வீழ்ச்சியும் இம்முடிவை உறுதிசெய்கிறது. 1908 பிப்ரவரி 27ஆம் நாள் பவளஆலை வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச்சு 12ஆம் நாள் வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே வாழ்நாள் நாடுகடத்தல் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையாகும் முன்பே, 1911ஆம் ஆண்டில் சங்கம் கலைக்கப்பட்டுவிட்டது. காலியா போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டதாக வ.உ.சி. வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கொடி மரபின்படி இவ்விற்பனையில் மாற வேண்டியிருந்தது பாய்மரத்துக் கம்பெனிக் கொடி மட்டுமே. பின்புறத்துச் சிவப்புக் கொடிக்கு எம்மாற்றமும் தேவைப்படவில்லை. பொருளியல் உரிமையை வென்றாலும் அரசுரிமை இல்லாத மக்களின் கப்பல் கைமாறும்போது நாட்டுக்கொடி அசைவதில்லை என்பதை இது தெளிவாக்குகிறது.

கடற்படைக் கொடியின் மாற்றங்கள்

இந்தியக் கடற்படையின் கொடி வரலாறு இச்சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ‘இந்திய விண்மீன்’ சின்னம் பொறித்த நீலக்கொடியைத் தாங்கிய அரச இந்திய மரைன், 1928ஆம் ஆண்டு வெள்ளைக் கொடியைப் பெற்றது. 1934ஆம் ஆண்டு அரச இந்தியக் கடற்படையாயிற்று. கொடியின் தகுதி உயர்ந்தது. ஆனால் அக்கொடி இந்தியாவுடையதாகவில்லை.

1946 பிப்ரவரி 18ஆம் நாள் பம்பாயில் ‘தல்வார்’ நிலையத்தில் தொடங்கிய கடற்படையினர் எழுச்சியில் இக்கொடியே முதல் இலக்காயிற்று. கப்பல்களிலிருந்து பிரித்தானியக் கொடிகள் இறக்கப்பட்டு, காங்கிரசு, முசுலிம் லீக், பொதுவுடைமைக் கட்சி ஆகியவற்றின் கொடிகள் ஏற்றப்பட்டன. கட்சிக் கொடிகளைப் போர்க்கப்பலில் ஏற்றுவதற்குக் கடற்படை மரபில் இடமில்லை. நாட்டுக்கொடி என ஒன்று சட்டப்படி இல்லாத நிலையில், மாலுமிகள் மூன்று கொடிகளைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பினர். 1907ஆம் ஆண்டின் சுதேசிக் கப்பல் எதிர்கொண்ட வெற்றிடமும் இதுவே ஆகும்.

1947 சூலை 22ஆம் நாள் அரசியல் நிருணய சபை மூவண்ணக் கொடியை ஏற்றது. 1950 சனவரி 26ஆம் நாள் கடற்படைக் கொடி மாறியது. எனினும் மேல்மூலையில் ஒன்றியக் கொடி இருந்த இடத்தில் மூவண்ணக் கொடி வந்ததே மாற்றம். வெள்ளைப் புலத்தில் ஓடிய புனித சார்ச்சுச் சிலுவை நீடித்தது. இந்திய வணிகக் கப்பல்களின் கொடியும் சிவப்புப் புலத்தின் மூலையில் மூவண்ணத்தைத் தாங்கியதாக அமைந்தது. பழைய இலக்கணம் தொடர, அதனுள் உரிமையாளர் மட்டும் மாறினார். 2001ஆம் ஆண்டு சிலுவை நீக்கப்பட்டு நீலநிறக் கடற்படைச் சின்னம் இடம்பெற்றது. கடலிலும் வானிலும் அது தெளிவாகத் தெரியவில்லை என்ற குறை எழவே, 2004ஆம் ஆண்டு சிலுவை மீண்டது. நடுவில் அசோகச் சின்னம் சேர்ந்தது. 2014ஆம் ஆண்டு அதனடியில் ‘சத்தியமேவ செயதே’ என்னும் வாசகம் இணைந்தது. 2022 செப்டம்பர் 2ஆம் நாள் கொச்சியில் விக்ராந்த் கப்பல் படையில் இணைக்கப்பட்ட விழாவில், சிவாசியின் முத்திரையைத் தழுவிய எண்கோண வடிவமும் நங்கூரமும் கொண்ட புதிய கொடி வெளியிடப்பட்டது. குடியரசாகி 72 ஆண்டுகளுக்குப் பின்னரே சிலுவை முற்றிலும் விலகியது.

இக்கொடி கப்பல்களில் மட்டும் பறப்பதன்று. கடற்படையின் கரை நிலையங்களும் கப்பல்களாகவே கருதப்பட்டுப் பெயர் சூட்டப்படுகின்றன. கொடி ஏற்றும் இறக்கும் முறைகளும் அவ்வாறே. திருநெல்வேலி மாவட்டம் விசயநாராயணத்தில் 1990 அக்டோபர் 20ஆம் நாள் தொடங்கப்பட்ட தாழ் அலைவரிசைத் தொடர்பு நிலையம் ‘ஐ.என்.எஸ். கட்டபொம்மன்’ எனப் பெயர் பெற்றது. பாஞ்சாலங்குறிச்சிக் கரிசலை ஆண்டு, 1799ஆம் ஆண்டு கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரரின் பெயர் கடற்படைப் பெயர்ப் பட்டியலில் இடம்பெற்றது. 1907ஆம் ஆண்டு கரிசல் மக்களின் கப்பல் தனக்கென ஒரு பெயரைத் தேர்ந்துகொள்ள இயலாத சட்டச் சூழலோடு இதனை ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு புலப்படும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. கப்பற்கொடியின் பொருள் அதன் வடிவத்தால் மட்டுமன்றி, அது பறக்கும் இடத்தாலும் அமைகிறது. பின்புறம் அரசுரிமையையும் பாய்மரம் பொருளுரிமையையும் குறிக்கின்றன.

2. சுதேசி நாவாய்ச் சங்கம் பாய்மரத்தை வென்றது. பின்புறம் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவலில் இருந்தது. சங்கத்தின் தோல்வியை வணிகத் தோல்வியாக மட்டும் மதிப்பிடும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

3. சுதேசிக் கப்பல்கள் அயல்மொழிப் பெயர்களைத் தாங்கியமையைப் பதிவுச் சட்டத்தின் பின்னணியில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

4. 1946ஆம் ஆண்டின் எழுச்சி கைவைத்த இடம், வ.உ.சி.யின் கப்பலுக்குச் சட்டம் மறுத்த அதே இடமாகும். இரண்டையும் ஒரே சிக்கலின் இரு கட்டங்களாகக் காண இடமுண்டு.

5. விடுதலை கொடியின் மூலையை உடனே மாற்றியது. அதன் புலத்தை மாற்ற நெடுங்காலம் பிடித்தது. ஆட்சி மாறிய வேகத்தில் மரபு மாறுவதில்லை என்பதற்குக் கடற்படைக் கொடியின் வரலாறு சான்றாகிறது.

கரிசல் வட்டார வரலாறு மண், பருத்தி, பஞ்சம், பாளையம் என்னும் நிலம்சார் பொருள்களோடு நின்றுவிடுவதில்லை. அந்நிலத்தின் விளைச்சல் கடல் வழியே வெளியேறியதால், அந்நிலத்தின் அரசியலும் கடலை நோக்கி விரிந்தது. கப்பற் பதிவேடுகள், துறைமுக ஒழுங்குமுறைகள், கொடிச் சட்டங்கள் ஆகியவற்றையும் வட்டார வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளும் ஆய்வுகள் வ.உ.சி. ஆய்வுக்கு மேலும் வலுச் சேர்க்கும்.